ஒன்பதாவது கேள்வி

திருத்துறைப்பூண்டியிலிருந்து சித்தி போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அது. "ஏண்டி, உன் தங்கச்சி நீ படிச்ச அந்த சைக்காலஜியைத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதைப் படிச்சா என்னவா ஆகலாம்னு நீயே சொல்லு, உன் சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்லியாகணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் சித்தி என்று வைத்தவள்தான், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்குப் பத்து வருஷமாகப் பதில் சொல்லி வாய் பழகியவள் நான். கல்யாணப் பந்தியில், மன்னார்குடி பஸ்ஸில், துக்க வீட்டு வாசலில்கூடக் கேட்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் மளமளவென்று ஒப்பித்திருக்கிறேன். சொந்தத் தங்கச்சி என்றதும் அந்த ஒப்புவிப்பு வாயில் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். "மனசுல இருக்கறதைச் சொல்லிடுவியா?" என்று முகத்தை நீட்டுவார்கள், கிளி ஜோசியக்காரரிடம் காசு கொடுத்துவிட்டு உட்காருவது மாதிரி. "கீழ்ப்பாக்கத்துலயா வேலை?" என்று ஒரு சிரிப்பு. ஒரு தாத்தா, "குணசீலம் கோயில்ல நாப்பத்தெட்டு நாள் தங்கினா தெளிஞ்சுடும், இதுக்கு எதுக்கு மூணு வருஷம் பீஸ் கட்டணும்" என்றார். நான் இப்போது ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். எச்ஐவி பரிசோதனைக்கு வருபவர்களிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும் முடிவு வந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசுகிற வேலை. ஒப்பந்த வேலைதான், தொகுப்பூதியம்தான். அதையெல்லாம் ஊரில் விளக்க முடியாது என்று வீட்டில் 'கவுன்சிலிங் வேலை' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மகனின் கட்-ஆஃப் மார்க்கோடு வந்து நின்றார், எந்த இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைக்கும் என்று கேட்க. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் அதுதானே, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. சித்தி கடைசியாகச் சொன்ன ஒரு வரிதான் முள்ளாகத் தைத்துவிட்டது. "நல்லாப் பேசுவாடி. அவ கூட்டாளிங்க எல்லாம் இவகிட்டதான் வந்து அழுவாங்க, இவ நாலு வார்த்தை பேசினா தெளிஞ்சு போவாங்க. அதான் இதுக்குச் சரியா வருவான்னு தோணுது." என்னையும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நல்லாப் பேசுவா. அந்த நம்பிக்கையோடு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை எழுதியதில்லை.

கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம்

பிஎஸ்சிக்குச் சென்னை போனேன். முதல் வருஷம் யாரும் யாரிடமும் ஆறுதல் பேசவில்லை. நரம்பு செல், மூளையின் படம், பாகம் குறித்தல். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் ஆரம்பித்த கதை. அப்புறம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சராசரி, திட்ட விலக்கம், டி-டெஸ்ட் என்று செமஸ்டருக்குச் செமஸ்டர் துரத்திக்கொண்டு வந்தது. பிளஸ் டூவோடு கணக்குக்குத் தலைமுழுகிவிட்டோம் என்று வந்தவர்கள் பாதிப் பேர், அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிராக்டிகலில் மிரர் டிராயிங் என்று ஒன்று உண்டு. ஒரு பலகையில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் இருக்கும், அதை நேராகப் பார்க்க முடியாதபடி மேலே ஒரு தடுப்பு, எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போகலாம் என்று நினைத்தால் கை கீழே போகும். நட்சத்திரத்தின் முதல் முனையில் கை அப்படியே உறைந்துவிடும், எந்தப் பக்கம் திருப்புவது என்று மணிக்கட்டுக்கே தெரியாது. பக்கத்தில் ஒருத்தி ஸ்டாப்வாட்சும் கையுமாக, கோட்டைத் தொட்ட ஒவ்வொரு தடவையையும் குறித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு முதல் சுற்றுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனது, பத்தாவது சுற்றில் நாற்பது நொடி. அந்த நேரங்களைக் கிராஃபில் போட்டு, கற்றல் வளைவு என்று தலைப்பிட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. உன் கண்ணை நீ நம்பாதே, எண்ணிப் பார், அளந்து பார் என்று மூன்று வருஷமும் வேறுவேறு கருவியை வைத்துக்கொண்டு இதையேதான் சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. லீவுக்கு ஊருக்கு வரும்போது நான் பாதி டாக்டர்.

கஜா

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோது நான் சிதம்பரத்தில் எம்எஸ்சி முதல் வருஷம். ஊருக்கு பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் வர முடிந்தது. முத்துப்பேட்டைக்கு மேற்கே பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. ஏக்கருக்கு எழுபது மரம், ஆக 210. நான் போனபோது பதினேழு நின்றது. மிச்சமெல்லாம் பாதி வேரோடு, பாதி இடுப்பில் முறிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தோப்புக்குள் நடக்க முடியவில்லை, மரத்தின் மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500, மொத்தம் 1,100 என்று அறிவித்தது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை காய் வெட்டிக்கொண்டிருந்த மரம். நெட்டை ரகம் இன்று வைத்தால் பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். பெரியப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்று. அந்தக் கணக்கை யாரும் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சவரம் இல்லை. பேச்சும் இல்லை. கேட்டால் "சோறு எறங்கல", "நெஞ்சு அடைக்குது", "கை கால் ஓஞ்சு வருது" என்பார். வருத்தமாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நீதான் அதுக்குன்னே படிக்கிறியே, பேசு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும். வகுப்பில் அந்த மாதம்தான் மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 நடத்தியிருந்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கிற ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தினம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்பது தெரியாத மாதிரி கேட்பேன். தூக்கம் வருதா பெரியப்பா, சாப்பாடு பிடிக்குதா, பேப்பர் படிச்சா மனசு அதுல நிக்குதா. எட்டுக் கேள்வி கேட்டேன். பதினேழு.

ஒன்பதாவதைக் கேட்கவில்லை. செத்துப் போனால் தேவலை என்றோ, தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி. என்னைத் தோளில் வைத்துத் திருவாரூர் ஆழித்தேர் காட்டிய மனுஷனிடம், விளக்கு வைக்கிற நேரத்தில், அதை எந்த வாயால் கேட்பது? கேட்டால் இல்லாத நினைப்பை நானே விதைத்துவிடுவேனோ என்றும் பயம். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கேட்டபோது பன்னிரண்டு. அதற்கும் நாலு நாள் கழித்து எட்டு. அவர் சவரம் செய்துகொண்டார். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார், "இந்தப் புயலுக்குப் போய் யானை பேரு வச்சிருக்கான் பாரு" என்று ஒரு நகைச்சுவை வேறு. தேங்காய் வியாபாரியைக் கூப்பிட்டு வாங்கியிருந்த அட்வான்ஸுக்குக் கணக்குப் பார்த்தார். பெரியம்மாவை உட்கார வைத்து எந்த நகை எந்த பேங்கில், எப்போது வட்டி கட்ட வேண்டும் என்று பாஸ்புக்கைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் கையிலிருந்த எச்எம்டி வாட்ச்சைக் கழற்றி, "பரீட்சைக்குக் கட்டிக்க" என்று எனக்குக் கொடுத்தார். நான் அன்று அழுதேன், சந்தோஷத்தில். என் பேச்சுக்கு ஒரு மனுஷன் எழுந்து நடக்கிறாரே. நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

கரண்ட் இன்னும் வரவில்லை. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து போனுக்கு இருபது ரூபாய் என்று சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றபடியே எங்கள் மேடத்துக்கு போன் போட்டேன், சொல்லி மெச்சிக்கொள்ளத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு மாணவியாக நாகப்பட்டினத்துக்கு வந்து, அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமெல்லாம் வீடு வீடாக உட்கார்ந்து பேசியவர் அவர். நான் மார்க் குறைந்த கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எட்டுக் கேள்விக்குத்தான் மார்க் சொன்ன. ஒன்பதாவது?"

கேட்கவில்லை மேடம்.

"ரெண்டு வாரத்தைப் பத்திக் கேக்கற கேள்வியை நாலு நாளைக்கு ஒரு தடவை கேட்டிருக்க, அது போகட்டும். வாட்ச்சை ஏன் கழட்டிக் குடுத்தார்?"

ஜெனரேட்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லப் பார்த்தேன். நன்றாகவே கேட்டிருந்தது. கணக்கு தீர்த்தது, பாஸ்புக், வாட்ச், அந்தத் திடீர் நிம்மதி, எல்லாம் நான் பார்த்ததுதான், எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பார்த்த மாதிரி திருப்பிப் பார்த்திருக்கிறேன். "இன்னைக்கு ராத்திரியே கேளு. சுத்தி வளைக்காத, சாவுங்கற வார்த்தையைச் சொல்லியே கேளு. கேக்கறதுனால அந்த எண்ணம் வராது, உள்ள இருந்தா வெளிய வரும். அவரைத் தனியா விடாதீங்க. வீட்ல இருக்கற பூச்சிமருந்தை எல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லு. காலைல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நீ டாக்டர் இல்ல, ஞாபகம் வச்சுக்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ராத்திரி பெரியம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் அரிக்கேன் விளக்கு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் தொண்டையில் பாதியாகத்தான் வந்தது. "பெரியப்பா, செத்துப் போயிடலாம்னு இருக்கா?"

அவர் விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்கினார். திரும்பவும் ஏற்றினார்.

"உன் பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் அவர் ரொம்ப நேரம் பேசினார், நான் ஒன்றுமே பேசவில்லை. பத்து நாளும் நான்தான் பேசியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி அண்ணன் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். கொட்டகையில் இருந்த மருந்தெல்லாம் விடிவதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது. காலையில் கார் பிடித்து தஞ்சாவூர், மனநல மருத்துவர், மாத்திரை. முதல் இரண்டு வாரம் வாய் வறளுது, இதெல்லாம் ஒரு மாத்திரையா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்த மாத்திரை உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரமாவது போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படியேதான் ஆனது. தை மாதம் கன்று நடக் குழி வெட்டினார்கள். இதை எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டபோது, "பேரு போடாம எழுது. மரம் எத்தனைன்னு மட்டும் சரியா போடு" என்றார்.

பேச்சால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ஆனால் 'நல்லாப் பேசுவா' என்ற சர்டிபிகேட்டைக் கேட்டாலே எனக்கு அந்த வாட்ச் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு ஆறு மாத டிப்ளமோ முடித்துவிட்டு வாசலில் போர்டு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் நல்ல மனசுக்காரர்கள் நிறையவே உண்டு. அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த நானும் நல்ல மனசுக்காரிதான்.

சித்தியிடம் சொன்னது

இன்று காலை ஒருவழியாக சித்திக்கு போன் செய்தேன். மூன்று வருஷப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மாத்திரை எழுத வேண்டுமென்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் எம்டி படிக்க வேண்டும், அது வேறு ரூட், நீட் எழுத வேண்டிய ரூட். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முதுகலைக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி இடத்தில் இரண்டு வருஷ எம்ஃபில் என்பதுதான் இத்தனை நாள் வழி. சீட்டு விரல்விட்டு எண்ணுகிற மாதிரி, நுழைவுத்தேர்வு கடுமை. இப்போது அந்தப் பாதைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவேட்டில் பெயர் ஏறுமா என்று மட்டும் கேளுங்கள் என்றேன். 1992-ல் அதற்கென்றே சட்டம் இருக்கிறது, 2017 மனநலச் சட்டமும் அந்தத் தகுதியைத்தான் பார்க்கிறது. "அஞ்சல் வழியில போட்டுட்டு அப்படியே டைப்பிங் கிளாஸ் அனுப்பலாமான்னு உன் சித்தப்பா கேக்கறாரு" என்றார். தொலைதூரக் கல்வியில் உளவியல் சேர்க்கையை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யுஜிசி நிறுத்திவிட்டது, நேரில் போய்த்தான் படிக்க வேண்டும் என்றதும் சித்தப்பா பின்னால் ஏதோ சொன்னது கேட்டது.

எங்கள் செட்டில் யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டார், அதைச் சொன்னேன். பெரும்பாலும் எச்ஆர். ஆளெடுக்கிற வேலை, ஆளை அனுப்புகிற வேலை, சம்பளத்துக்குக் குறைவில்லை. இரண்டு பேர் நெட் பாஸ் செய்து கல்லூரியில் பாடம் எடுக்கிறார்கள். ஒருத்தி சிறப்புக் கல்வியில் பிஎட் செய்துவிட்டு கும்பகோணத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு இருக்கிறாள், எங்கள் எல்லோரையும்விட அவள்தான் நிம்மதியாக இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். ஒருவன் சைக்காலஜியை விருப்பப் பாடமாக எடுத்து யுபிஎஸ்சிக்கு மூன்று தடவை எழுதிவிட்டான். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற எஸ்எஸ்பி போர்டில்கூட உளவியலாளர் உண்டு என்றதும் சித்தி குரல் மாறியது, சித்தப்பாவிடம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். ஒன்றிரண்டு பேர் போதை மறுவாழ்வு மையத்தில். நாலைந்து பேர் கல்யாணத்தோடு விட்டுவிட்டார்கள், அதையும் மறைக்கவில்லை.

முதுகலைக்குத் தூரம் போக வேண்டியதில்லை, நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இந்தப் பக்கம் சிதம்பரம் இருக்கிறது என்றேன். படித்த பிறகுதான் தூரம் போகச் சொல்வார்கள். வேலையெல்லாம் சென்னை, பெங்களூர் என்று தலைமடையிலேயே நின்றுவிடுகிறது. மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் கடைமடைக்கு எப்போது வரும் என்று வாய்க்கால் ஓரம் நிற்கிற மாதிரிதான் இதுவும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மனசு தாங்காமல் போனால் இப்போது 14416 என்று அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸாவது இருக்கிறது, 2022 அக்டோபரில் வந்தது, தமிழிலேயே பேசலாம், 104-ம் உண்டு. கஜாவின்போது ஜெனரேட்டர் கடையில் நின்ற எனக்கு மேடத்தின் நம்பர் இருந்தது. நம்பர் இல்லாதவர்கள் அந்த வரிசையிலேயே நின்றிருப்பார்கள்.

பெரியப்பா கதையை சித்தியிடம் சொல்லவில்லை. அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா ஊருக்கே சொல்வார். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு சித்தி ஒரு பெருமூச்சு விட்டார். "எல்லாம் சரிடி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? டீச்சருக்குப் படிக்குதுன்னு சொல்லிடவா?"

"அம்மா, போனைக் குடு" என்று பக்கத்திலிருந்து பிடுங்குகிற சத்தம். தங்கச்சிதான். இவ்வளவு நேரம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறாள் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிஜமாவே எல்லா செமஸ்டர்லயும் வருமா?"